சிக்காகோ தோற்ற ஆண்டு



வெற்றியின் வரலாற்றை எழுதுவதற்கு எப்போதும் ஆள் உண்டு. தோல்வியின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறிய, அது வென்ற நாளைக் காட்டிலும் தோற்ற நாளே நமக்கு மிகுதியாக உதவுகின்றது. அத்தகைய தோல்வி ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது போர்க்களத்தில் நேர்ந்ததன்று. விளையாட்டு மைதானத்தில் நேர்ந்தது. அமெரிக்க நாட்டிலுள்ள சிக்காகோப் பல்கலைக் கழகத்தின் கால்பந்துக் குழு 1939-ஆம் ஆண்டில் அடைந்த தோல்வியே அது.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் ஆடும் கால்பந்து அன்று. இரு முனையும் கூர்த்த முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், சிற்சில வேளைகளில் உதைத்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டு செல்வது அது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். ஆடுகளம் 100 கஜ நீளம். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேறுதல் வேண்டும். இல்லையேல் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். எல்லையைக் கடந்து பந்தைச் சேர்த்தால் 6 புள்ளிகள். அதன்பின் கிடைக்கும் உதை கம்பங்களுக்கு இடையே சென்றால் மேலும் 1 புள்ளி. பந்தோடு வரும் ஆளை மறித்து வீழ்த்துவது ஆட்டத்தின் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே உடல் வலிமையும், ஆள் எண்ணிக்கையும், இடைவிடாப் பயிற்சியும் இல்லாத குழு இந்த ஆட்டத்தில் தோற்பது மட்டுமன்று, அடியும் படும்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மாத இறுதியில் சிக்காகோக் குழு அந்த ஆண்டின் ஆட்டங்களைத் தொடங்கிற்று. முதல் ஆட்டத்திலேயே பெலாய்ட் என்னும் சிறு கல்லூரியிடம் 6-0 என்று தோற்றது. வாபாஷ் கல்லூரியை 12-2 என்று வென்றது. ஹார்வர்டு பல்கலைக் கழகம் வந்தது. 61-0 என்று சிக்காகோ தோற்றது. மிச்சிகன் வந்தது, 85-0. வர்ஜீனியாவுடன் ஆடிய ஆட்டத்தில் 47-0. ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்துடன் ஆடியதில் 61-0. ஓபர்லின் கல்லூரியை மட்டும் 25-0 என்று வெல்ல முடிந்தது. இறுதியாக இல்லினாய் பல்கலைக் கழகத்திடம் 46-0 என்று தோற்று அந்த ஆண்டு முடிவுற்றது. எட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஆறு தோல்வி. கூட்டிப் பாருங்கள்: சிக்காகோ எடுத்த புள்ளிகள் 37, கொடுத்த புள்ளிகள் 308. தன்னோடு ஒரே கூட்டமைப்பில் இருந்த மூன்று பல்கலைக் கழகங்களுடன் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கொடுத்தது 192, எடுத்தது ஒன்றுமில்லை.

தோற்பதற்கென்றே பிறந்த குழுவோ இது என்று நீங்கள் எண்ணலாம். அப்படி அன்று. இதன் பழைய வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

சிக்காகோப் பல்கலைக் கழகம் 1890-இல் நிறுவப்பெற்று 1892-இல் வகுப்புகளைத் தொடங்கியது. ராக்பெல்லரின் பெருங்கொடை அதற்கு ஆதாரமாயிருந்தது. அதன் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் பெரும் புலவர். புதிய பல்கலைக் கழகத்தின் பெயர் நாடெங்கும் பரவுவதற்கு நூலகமும் ஆய்வுக் கூடமும் மட்டும் போதா, கால்பந்தும் வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே அமாஸ் அலான்சோ ஸ்டாக் என்னும் இளைஞரை அழைத்துவந்து, பேராசிரியர் வரிசையிலேயே இடம் தந்து, உடற்பயிற்சித் துறையை அவரிடம் ஒப்படைத்தார். ஸ்டாக் 1892 முதல் 1932 வரை 41 ஆண்டுகள் அக்குழுவைப் பயிற்றினார். மேற்குப் பகுதியின் பெரும் பல்கலைக் கழகங்கள் 1896-இல் ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. ‘பெரும் பத்து’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவற்றுள் சிக்காகோவும் ஒன்று.

1905-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடந்த ஒரு ஆட்டத்தை அமெரிக்கர் இன்றும் நினைவுகூர்வர். அதற்குமுன் 56 ஆட்டங்களில் எவராலும் தோற்கடிக்கப்படாத மிச்சிகன் குழுவை அன்று சிக்காகோ 2-0 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தியது. அதே ஆண்டில்தான் இந்த ஆட்டத்தின் முரட்டுத்தனம் நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது. மாணவர் பலர் ஆட்டக்களத்தில் பட்ட காயத்தால் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக் கழகங்களின் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு கேட்டுக்கொண்டார். மறு ஆண்டில் விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. ஆட்டம் பிழைத்தது. அதைப் பார்க்க வந்த கூட்டமும் பெருகிற்று. கூட்டத்தோடு பணமும் பெருகிற்று.

இங்கேதான் நம் கதையின் முடிச்சு விழுகின்றது. பார்வையாளர் தரும் பணத்தால் பெரிய அரங்குகள் எழுந்தன. பெரிய அரங்கு நிரம்ப வேண்டுமானால் குழு வெல்ல வேண்டும். குழு வெல்ல வேண்டுமானால் வலிமை மிக்க இளைஞரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவ்விளைஞர் படிக்க வந்தவரா, ஆட வந்தவரா என்ற வினாவை யாரும் உரக்கக் கேட்கலாகாது. 1929-இல் கார்னகி அறநிறுவனம், நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு வகையில் ஆட்டக்காரருக்குப் பொருளுதவி செய்து அழைத்து வருவதை வெளிப்படுத்தியது. நாடு அதிர்ச்சியுற்றது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அரங்குகள் வழக்கம்போல் நிரம்பின.

அதே 1929-இல் சிக்காகோப் பல்கலைக் கழகத்துக்குப் புதிய தலைவர் ஒருவர் வந்தார். ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு வயது 30. பாடத்திட்டத்தை அவர் அடியோடு மாற்றினார். எல்லா மாணவரும் அறிவியல், மனிதப் பண்பியல், சமூகவியல் ஆகியவற்றைப் பொதுவாகக் கற்க வேண்டும். முடிவில் விரிவான தேர்வு எழுத வேண்டும். ஆட்டக்காரருக்கென்று எளிய பாடம் ஏதும் கிடையாது. மற்றப் பல்கலைக் கழகங்கள் நாடெங்கும் ஆள் தேடிக்கொண்டிருக்க, சிக்காகோ தன் வகுப்பறையில் யார் இருந்தனரோ அவரைக் கொண்டே குழு அமைத்தது. பகலில் ஆய்வுக் கூடத்தில் நின்றுவிட்டு மாலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் அவர்கள்.

சில ஆண்டுகள் பழைய பெருமை ஒரு தனி மனிதரால் தாங்கி நின்றது. ஜே பெர்வாங்கர் என்னும் மாணவர் 1935-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று ஹைஸ்மன் பரிசு என்று புகழ்பெற்றிருக்கும் விருதை முதன்முதல் பெற்றவர் அவரே. தொழில் முறை ஆட்டக் குழுக்கள் 1936-இல் முதன்முறையாக ஆள் தெரிவு நடத்தியபோது முதல் பெயராக அழைக்கப்பட்டவரும் அவரே. ஆயினும் அவர் தொழில் முறை ஆட்டத்துக்குப் போகவே இல்லை. அவர் படிப்பை முடித்து வெளியேறிய பின் சிக்காகோவின் சரிவு விரைவாயிற்று.

பயிற்சியாளர் திறமையற்றவர் என்று சொல்லவும் இடமில்லை. 70 வயது நிறைந்தமையால் ஸ்டாக் ஓய்வு பெற நேர்ந்தபோது, அவர் இடத்துக்கு 1933-இல் கிளார்க் ஷாக்னெசி வந்தார். 1939-இல் 308 புள்ளிகள் கொடுத்த குழுவின் பயிற்சியாளர் இவரே. மறு ஆண்டு இவர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்பர்டு பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். அங்கே 1940-ஆம் ஆண்டுக் குழு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1941 புத்தாண்டு நாளில் நெப்ராஸ்காவை 21-13 என்று வென்று முடிசூடிற்று. ஆசிரியர் அவரே, கலையும் அதுவே. பன்னிரண்டு மாதங்களில் ஒரு மனிதர் மூடராயிருந்து மேதையாகிவிடுவதில்லை. பயிற்றுவதற்கு அவர் முன் நின்ற பொருள்தான் வேறு.

இன்னும் இரண்டு செய்திகளைக் கேட்டால் அந்தத் தோல்வியின் கசப்பு உங்களுக்கு விளங்கும். ஓய்வு பெற்ற ஸ்டாக் சும்மா இருக்கவில்லை. பசிபிக் கல்லூரி என்னும் சிறிய நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1938-இல் அந்தக் குழுவோடு சிக்காகோவுக்கே ஆட வந்தார். ஆடுகளத்தின் பெயர் ஸ்டாக் மைதானம்; அவருக்கு மரியாதையாக முன்னரே சூட்டப்பட்ட பெயர். அந்த மைதானத்திலேயே, 76 வயதில், அவர் தம் பழைய பல்கலைக் கழகத்தை 32-0 என்று தோற்கடித்தார். மற்றொன்று: மறு ஆண்டில் 85 புள்ளிகள் குவித்த மிச்சிகன் குழுவின் பயிற்சியாளர் பிரிட்ஸ் கிரைஸ்லர், சிக்காகோவில் படித்து, ஸ்டாக்கிடம் ஆட்டம் பயின்றவர். தாய்வீட்டில் கற்ற வித்தையே தாய்வீட்டின்மேல் வந்து விழுந்தது.

இப்போது சிக்காகோவின் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மற்றவரைப் போல ஆள் தேடிப் பிடித்து வெல்வது. இரண்டு, ஆண்டுதோறும் இவ்வாறே தோற்றுக்கொண்டிருப்பது. மூன்று, இந்தப் போட்டியிலிருந்து விலகுவது.

ஹட்சின்ஸ் தம் கருத்தை மறைக்கவில்லை. 1938 டிசம்பரில் நாடறிந்த வார இதழ் ஒன்றில் கட்டுரை எழுதி, கல்லூரி விளையாட்டு நுழைவுச் சீட்டுப் பணத்துக்கு அடிமையாகிவிட்டது என்று கடிந்தார். பரிகாரமும் கூறினார். நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்ட்டாகக் குறையுங்கள். பயிற்சியாளரின் பதவி கூட்டத்தின் அளவைப் பொறுத்து நிற்காமல், ஆசிரியர் பதவிபோல் நிலையாக நிற்கட்டும் என்றார். கேட்பாரில்லை. மறு ஆண்டின் ஆட்டங்கள் முடிந்தன. 1939 டிசம்பர் 21-ஆம் நாள் பல்கலைக் கழகத்தின் ஆட்சிக் குழுவினர் கூடி, பிற பல்கலைக் கழகங்களுடன் கால்பந்து ஆடுவதைக் கைவிடுவதெனத் தீர்மானித்தனர். 1946-இல் சிக்காகோ அந்தப் பெருங் கூட்டமைப்பிலிருந்தும் வெளியேறியது.

நண்பர்களே, இந்த முடிவு சரியா? பழைய மாணவர் பலர் மனம் நொந்தனர். தோற்றபின் விலகுவது கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டு எழுவது இயல்பே. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. மிச்சிகனை வீழ்த்திய 1905-இலோ, பெர்வாங்கர் பரிசு பெற்ற 1935-இலோ இதே தீர்மானம் செய்யப்பட்டிருந்தால் அதன் தூய்மையை எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். வெற்றி வந்துகொண்டிருந்த காலத்தில், இது கல்விக்குத் தேவையா என்ற வினா மெதுவாகவே கேட்டது. தோல்விதான் அதை உரக்கக் கேட்கச் செய்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் மறுபுறத்தையும் நோக்குங்கள். ஆள் பிடித்து வெல்வது சிக்காகோவுக்கு இயலாத செயலன்று. பெயரும் பெரிய நகரமும் அரங்கும் அதனிடம் இருந்தன. மற்றவர் செய்ததை அதுவும் செய்திருந்தால் சில ஆண்டுகளில் பழைய புகழ் திரும்பியிருக்கலாம். தேர்வைச் சற்றுத் தளர்த்த வேண்டும், சேர்க்கையில் கண்ணைச் சற்று மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அந்த ‘சற்று’ என்ற சொல்லுக்குத்தான் அது இணங்க மறுத்தது. நீண்ட காலம் தலைமை ஆசிரியனாக இருந்த எனக்கு அந்தச் சொல்லின் ஆபத்து நன்கு தெரியும். நன்றாக ஓடும் பையன் ஒருவன் கணக்கில் தேறவில்லை. மாவட்டப் பந்தயம் வருகிறது. அவனை மேல் வகுப்புக்குச் சற்றே தள்ளிவிடலாகாதா என்று என்னிடம் கேட்ட பெரியவர்கள் உண்டு. நாங்கள் அவனை மாலைதோறும் இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவன் ஓடியதும் உண்டு, தேறியதும் உண்டு. தேறாமலே ஓட விட்டிருந்தால் கோப்பை பள்ளிக்குக் கிடைத்திருக்கும். அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

அதே ஹட்சின்ஸின் தலைமைக் காலத்தில்தான் நம்மவர் ஒருவர் அப்பல்கலைக் கழகத்துக்குச் சென்றார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிக்காகோப் பல்கலைக் கழகத்தின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, பல்கலைக் கழக வளாகத்தில் அவர் பாடம் நடத்தலாகாது என்று ஒரு துறைத் தலைவர் தடுத்தபோது, அவரே நடத்தட்டும் என்று முடிவு கூறியவர் ஹட்சின்ஸ். சந்திரசேகர் தம் வாழ்நாள் முடியும்வரை அங்கேயே பணியாற்றினார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு நிறுவனம் எதைத் தேடிச் செல்கின்றது என்பதில் அதன் குணம் தெரிகின்றது. கைவலிமை மிக்கவரைத் தேடி மற்றவர் நாடெங்கும் அலைந்த அந்தக் காலத்தில், சிக்காகோ விண்மீன்களின் கணக்கை அறிந்த ஓர் இளைஞரைக் கடல் கடந்து தேடியது.

வெறுமையாகிப் போன ஸ்டாக் மைதானத்தில் பின்பு நேர்ந்தது உலக வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. அதன் மேற்குப் பக்கத்துப் பார்வையாளர் மேடைக்கு அடியில் சுவர்ப்பந்து ஆடும் கூடம் ஒன்று இருந்தது. 1942 டிசம்பர் 2-ஆம் நாள் அந்தக் கூடத்தில் என்ரிகோ பெர்மியும் அவர் குழுவினரும், மனிதன் கட்டுப்படுத்தும் அணுத் தொடர்வினையை முதன்முதல் இயக்கிக் காட்டினர். இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, கால்பந்தை விட்டதால் அறிவியல் வளர்ந்தது என்று கைதட்டிவிடாதீர்கள். அன்று தொடங்கிய பாதை ஹிரோஷிமாவுக்கும் சென்றது, மின்சாரம் தரும் அணு உலைக்கும் சென்றது. விளையாட்டை விட்டுவிட்டால் மட்டும் ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது. அறிவையும் எதற்காக நாடுகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

கதை இத்துடன் முடியவில்லை. ஆட்டம் சிக்காகோவுக்குத் திரும்பி வந்தது. முதலில் உடற்பயிற்சி வகுப்பாகத் தலைகாட்டியது. 1963-இல் அவ்வகுப்பார் வேறொரு கல்லூரியுடன் ஆட முனைந்தபோது, பழைய நிலை மீண்டுவிடுமோ என்று அஞ்சிய மாணவர் சிலர் மைதானத்தின் நடுவே அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 1969-இல் முறையான பல்கலைக் கழகக் குழு மீண்டும் அமைந்தது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை எவருக்கும் இல்லாத பிரிவில், தன்னை ஒத்த கல்லூரிகளோடு அது ஆடுகின்றது. பழைய ஸ்டாக் மைதானம் இருந்த இடத்தில் 1970-இல் ஒரு பெரிய நூலகம் திறக்கப்பட்டது. புதிய மைதானம் வேறிடத்தில், அதே ஸ்டாக்கின் பெயரோடு, சிறிய அளவில் அமைந்தது. ஆகவே சிக்காகோ கைவிட்டது விளையாட்டை என்று சொல்வதைவிட, விளையாட்டின்மேல் ஏறி உட்கார்ந்த வாணிகத்தை என்று சொல்வதே பொருந்தும்.

இறுதியாக, இந்த வரலாற்றில் பெரிதும் மறக்கப்பட்டவர்களை நினைத்துக்கொள்வோம். ஹட்சின்ஸைப் பற்றி நூல்கள் உண்டு; ஸ்டாக்கைப் பற்றியும் உண்டு; அவர் 102 வயது வாழ்ந்து 1965-இல் மறைந்தார். ஆனால் 1939-இல் ஆடிய பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் அரியர். 85-0 என்று தோற்ற மறு வாரம் அவர்களும் வகுப்புக்குப் போனார்கள், தேர்வுக்குப் படித்தார்கள், மாலையில் உடல் நோவோடு மைதானத்துக்கு வந்தார்கள். எதிரே நின்றவர் வலிமை மிக்கவர் என்று தெரிந்தும் குறித்த நாளில் களம் இறங்கினார்கள். அக்காலத்து விதிப்படி தாக்கவும் தடுக்கவும் பெரும்பாலும் அதே பதினொருவர்தாம், ஓய்வுக்கு இடமில்லை. எட்டு ஆட்டங்களில் ஒன்றையேனும் அவர்கள் ஆடாமல் விடவில்லை. ஊதியம் கிடையாது, புகழும் கிடையாது, அடுத்த ஆண்டு ஆடக் குழுவே இருக்கவில்லை.

அவர்களை நான் தோற்றவர்கள் என்று சொல்லத் தயங்கமாட்டேன். 308-க்கும் 37-க்கும் உள்ள வேறுபாடு கணக்கு அறிந்த எவருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கள்ளக் கணக்கு எழுதவில்லை. தங்களுக்கு உரிய 37 புள்ளிகளைத் தங்கள் சொந்த உழைப்பால் எடுத்தார்கள். உங்கள் பள்ளியோ கல்லூரியோ என்றேனும் ஒரு நாள் மோசமாகத் தோற்கும். அன்று மதிப்பெண் பலகையைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து போய்விடாதீர்கள். நாம் இங்கே எதற்காகக் கூடியிருக்கிறோம், வெல்வதற்கு எந்த விலை வரை கொடுக்கலாம், எந்த விலை கேட்டால் மறுக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியரோடு அமர்ந்து பேசுங்கள். அதன்பின் மறு வாரம் குறித்த நேரத்தில் மைதானத்துக்குச் செல்லுங்கள்.